அரசு வழங்கிய வெண்கலப் பதக்கங்கள்

பழம்பொருள் திரட்டும் ஆர்வம் உடையவர்கள் நம் நாட்டில் பெரும்பாலும் நாணயத்தையும் அஞ்சல் தலையையுமே நாடுகிறார்கள். பதக்கங்களை நாடுவோர் சிலர். அவருள்ளும் பொன்னையும் வெள்ளியையும் ஒதுக்கிவிட்டு வெண்கலத்தைத் தேடுவோர் மிகச் சிலர். விளையாட்டுப் போட்டியில் மூன்றாவதாக வருபவனுக்கு வெண்கலம் என்று சிறு வயதிலேயே கற்றுவிடுகிறோம். அந்தப் பழக்கத்தால், அரசாங்கங்கள் முற்காலத்தில் வழங்கிய வெண்கலப் பதக்கங்களையும் மூன்றாந்தரப் பொருள்களாகவே எண்ணிவிடுகிறோம். ஆனால் சமையற்காரன், தண்ணீர் சுமப்பவன், சுமைகூலி, பெயர் தெரியாத சிப்பாய் ஆகியோரின் பெயர் எங்கேனும் உலோகத்தில் பொறிக்கப்பட்டிருக்குமாயின் அது பெரும்பாலும் வெண்கலத்தில்தான் இருக்கும். வரலாறு பயிலும் மாணவர்களுக்கு இப்பதக்கங்கள் எவ்வாறு பயன்படும் என்பதையும், அவற்றை எவ்வாறு அறிந்து காக்க வேண்டும் என்பதையும் இப்பேச்சில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நாணயத்துக்கும் பதக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவு செய்துகொள்வோம். இரண்டும் ஒரே வகையான அச்சில் அடிக்கப்படலாம். ஒரே நாணயச் சாலையில் பிறக்கலாம். ஆனால் நாணயம் கை மாறுவதற்காகப் பிறந்தது. பதக்கமோ ஒருவனிடமே தங்குவதற்காகப் பிறந்தது. நாணயத்தில் அரசனுடைய பெயர் இருக்கும். அதை வைத்திருந்தவனுடைய பெயர் இராது. படைப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில், பெற்றவனுடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். திரட்டுவோர் பதக்கத்தைக் கையில் வாங்கியவுடன் முகப்பைப் பாராமல் விளிம்பைப் பார்ப்பது இதனாலேயே.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். செம்பு மிகுதி, வெள்ளீயம் சிறு பங்கு, சில சமயம் துத்தநாகமும் சிறிது சேரும். தனிச் செம்பைக் காட்டிலும் கடினமானது. உருக்கி வார்த்தால் அச்சின் நுட்பமான மூலைகளிலெல்லாம் ஓடிப் படியும். வார்ப்பில் வெண்கலத்துக்கு உள்ள இந்தத் திறத்தைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நம் சிற்பிகளின் நடராசப் பெருமான் போதும். பதக்கங்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். 'வெண்கலப் பதக்கம்' என்று பதிவேடுகளில் எழுதப்பட்டவை எல்லாம் உண்மையான வெண்கலம் அல்ல. செம்பில் அடித்து, மேற்பரப்பை மட்டும் பழுப்பு நிறமாகப் பக்குவப்படுத்தியவையும் அப்பெயராலேயே வழங்கும்.

இனி நம்முடைய மாவட்டத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி என்றால் இன்று நமக்கு நினைவு வருவது தொழிற்பேட்டை. பழைய இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகள். சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப் பாதை. அதே கும்மிடிப்பூண்டியின் பக்கத்தில் 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு படை வந்து தங்கியது. கர்னல் பெய்லி என்பவரின் தலைமையில் குண்டூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த, ஏறத்தாழ 2,800 பேர் கொண்ட ஆங்கிலக் கம்பெனிப் படை அது. ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் பெருஞ்சேனையோடு நுழைந்திருந்த காலம். காஞ்சிபுரத்துக்கு வரவிருந்த ஹெக்டர் மன்ரோவின் பெரும்படையோடு பெய்லி சேர வேண்டும் என்பது கட்டளை. இடையில் கொற்றலையாறு, அதாவது இன்று நாம் கொசத்தலையாறு என்றும் சொல்லும் ஆறு, குறுக்கிட்டது. அன்று ஆற்றில் நீர் மிகக் குறைவு, அப்பொழுதே கடந்திருக்கலாம். பெய்லி வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவோடிரவாக வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்திற்கும் மேலாகப் படை கரையிலேயே காத்துக் கிடந்தது.

அந்தத் தாமதத்தின் விளைவு பெரிது. செப்டம்பர் 6-ஆம் நாள் இம்மாவட்டத்தில் உள்ள பேரம்பாக்கத்தில் திப்புவின் படை பெய்லியை எதிர்த்தது. 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு 1782-இல் அங்கேயே இறந்தார். அவரோடு சிறைப்பட்டவர்களுள் ஒருவர் டேவிட் பேர்டு என்னும் இளந்தலைவர். காயம்பட்ட நிலையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தவர் அவர். 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டையின் மதில் உடைப்பில் ஏறிச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அன்று திப்பு சுல்தான் போரிட்டு மாண்டார். அந்த வெற்றிக்காகக் கம்பெனி அரசு வெளியிட்ட பதக்கந்தான் தென்னிந்திய வரலாற்றில் வெண்கலப் பதக்கம் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது.

சீரங்கப்பட்டணப் பதக்கம் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே மாத்தியூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது. நீராவிப் பொறியால் அச்சடித்த சாலை அது. நீராவிப் பொறியைத் திருத்தி அமைத்த ஜேம்ஸ் வாட்டும் போல்டனும் தொழிற் கூட்டாளிகள். அச்சுக்கு உருவம் வெட்டியவர் கூக்லர் என்னும் ஜெர்மானியர். பதக்கத்தின் குறுக்களவு 48 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ இரண்டு அங்குலம். முகப்பில் ஒரு சிங்கம் புலியை வீழ்த்தி அதன்மேல் நிற்கிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. திப்பு புலிச் சின்னத்தைத் தன் அரியணை முதல் படைவீரர் உடைவரை எங்கும் பயன்படுத்தியவன் என்பதை நீங்கள் அறிவீர்கள். சிங்கத்தின் மேலே பறக்கும் கொடியில், இறைவனின் சிங்கமே வெல்லும் என்னும் பொருளுடைய அரபுத் தொடர் உள்ளது. பின்பக்கத்தில் கோட்டையின் மீது படைகள் ஏறும் காட்சி. கீழே பாரசீக எழுத்தில் கோட்டை வீழ்ந்த ஹிஜ்ரி ஆண்டும் நாளும்.

இப்பதக்கம் ஐந்து தரங்களில் வந்தது. சேனாதிபதிகளுக்குப் பொன், அடுத்த உயர் தலைவர்களுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, காப்டன் முதலியோருக்கு வெள்ளி, ஹவில்தார், நாயக் போன்றவர்களுக்கு வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். உருவம் ஒன்றே, உலோகந்தான் வேறு. மதிலின்மேல் முதலில் ஏறியவன் சிப்பாய். அவன் கைக்கு வந்தது வெள்ளீயம். அது மென்மையான உலோகம். சில ஆண்டுகளில் தேய்ந்து, வளைந்து, முனை மழுங்கிப் போகும். வெண்கலம் அப்படியன்று. ஆகவே இன்று கிடைப்பவற்றுள் சிங்கத்தின் பிடரி மயிரும் கோட்டையின் கற்களும் தெளிவாகத் தெரியும்படி நிற்பவை பெரும்பாலும் வெண்கலப் பதக்கங்களே.

இந்தப் பதக்கம் பெற்றவர்களின் கைக்கு 1808-ஆம் ஆண்டில்தான் வந்து சேரத் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இதற்குள் எத்தனை பேர் மாண்டார்களோ! மற்றொரு விந்தை, பதக்கத்தைத் தொங்கவிடுவதற்கு வளையமோ கொக்கியோ அதிகாரபூர்வமாக வைக்கப்படவில்லை என்பது. பெற்றவர் தத்தம் விருப்பப்படி தட்டானிடம் கொடுத்து வளையம் பற்றவைத்துக்கொண்டனர். எனவே ஒரு பதக்கத்தில் வளையம் முரட்டுத்தனமாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதைக் கண்டு அதைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது. ஊர்த் தட்டான் கைவேலையும் அதன் வரலாற்றில் ஒரு பகுதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்பதக்கத்தில் பெற்றவன் பெயர் பொறித்துக் கொடுக்கப்படவில்லை. சிலர் தாமே பொறித்துக்கொண்டனர். பெயரில்லாத பதக்கம் குடும்பத்தை விட்டுப் பிரிந்தால் ஊமையாகிவிடும்.

இதற்கும் முன்னதாக, 1784-இல் கல்கத்தா அரசு பொன்னிலும் வெள்ளியிலும் தக்காணப் பதக்கம் என்று ஒன்றை வெளியிட்டது. வங்காளத்திலிருந்து கடற்கரை வழியே நடந்து வந்து 1781 ஆகஸ்டில் பழவேற்காட்டின் அருகில் சர் அயர் கூட் படையோடு சேர்ந்த பியர்ஸின் படைப்பிரிவும் அதைப் பெற்றது. வெண்கலத்தில் அது வெளிவரவில்லையாகையால் நம் பேச்சில் அதற்கு இடம் குறைவு. ஆனால் அதே போரில் அதே மண்ணில் நின்று போரிட்ட சென்னைச் சிப்பாய்களுக்கு அப்பதக்கம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்பதோடு யாருக்குக் கொடுக்கவில்லை என்றும் கேட்டால்தான் பதக்கம் வரலாற்றுச் சான்றாகும்.

இங்கே மாணவர் சிலர் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். நம் நாட்டவரை வென்றதற்காக அந்நியர் அளித்த அடையாளத்தை நாம் எதற்குப் பேண வேண்டும் என்பது அது. நியாயமான கேள்வி. அதைப் பெற்றவரும் நம்மவர், எதிரே நின்று மாண்டவரும் நம்மவர் என்பதே என் மறுமொழி. பெருமைக்காக அணிந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அழிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சிங்கம் புலியைக் கொல்வதாக ஒரு செம்புத் துண்டில் அடித்துச் சிப்பாயின் கையில் கொடுத்த ஆட்சியின் மனப்போக்கை, அந்தத் துண்டைப் போல வேறெதுவும் நமக்குக் காட்டாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வருவோம். அக்காலத்தில் இந்தியப் படைகளுக்கு அளித்த பதக்கங்கள் பொதுவாக வெள்ளியால் ஆனவை. ஆனால் படையோடு எப்பொழுதும் ஒரு பெருங்கூட்டம் சென்றுகொண்டிருந்தது. டோலி தூக்குவோர், தோல் பையில் தண்ணீர் கொண்டுவரும் பிஸ்திகள், கோவேறு கழுதை ஓட்டுவோர், சமையற்காரர், துப்புரவாளர் முதலியோர் இதில் அடங்குவர். ஆயுதம் எடுக்காதவர்கள் என்பதால் இவர்களுக்கு நெடுங்காலம் ஒன்றுமே கிடைக்கவில்லை. 1885 முதல் 1887 வரை நடந்த மூன்றாம் பர்மியப் போரிலிருந்து இவர்களுக்கும் பதக்கம் வழங்கத் தொடங்கினர். அதே உருவம், அதே நாடா. ஆனால் வெள்ளிக்குப் பதிலாக வெண்கலம். பர்மியப் போரில் சென்னை மாகாணப் படைகள் பெருமளவில் ஈடுபட்டிருந்தன. ஆகவே தமிழும் தெலுங்கும் பேசிய ஊழியர் பலருக்கு இவ்வெண்கலப் பதக்கம் வந்திருக்க வேண்டும். பின்னர் 1895-ஆம் ஆண்டின் இந்தியப் பதக்கம், 1900-ஆம் ஆண்டின் சீனப் போர்ப் பதக்கம், 1903-04-இன் திபெத்துப் பதக்கம் ஆகியவற்றிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

இவற்றின் விளிம்புகளைப் படிப்பது ஒரு தனி அனுபவம். 'கூலி' என்னும் தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்தில், ஒரு மனிதனின் பதவியாக, அவன் பெயருக்கு முன்னே பொறிக்கப்பட்டிருக்கும். கூலி என்றால் நமக்கு வேலைக்குத் தரும் ஊதியம். அவர்களுக்கோ அது வேலை செய்பவனையே குறித்துவிட்டது. பெயரையும் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே பெயருக்கு மூன்று நான்கு எழுத்து வடிவங்களைக் காணலாம். அதைப் படித்து இன்னார் என்று அறிய ஊர்ப் பெயர் வழக்கு தெரிந்த தமிழ் மாணவனால் முடியும். இலண்டனில் இருக்கும் வணிகரால் முடியாது.

முதல் உலகப் போரிலும் இதே ஏற்பாடு. 1914 முதல் 1920 வரையிலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் போர்வீரர்களுக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. சீனர், மால்டாத் தீவினர், இந்தியர் அடங்கிய தொழிலாளர் படைகளுக்கு ஏறத்தாழ 1,10,000 பதக்கங்கள் வெண்கலத்தில் வழங்கப்பட்டன. பிற்காலத்தில் இதில் ஒரு தலைகீழ் மாற்றம் நேர்ந்தது. 1979-80-இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை திடீரென்று ஏறியபோது வெள்ளிப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. வெண்கலத்தை அதற்காக யாரும் தேடவில்லை. எண்ணிக்கையில் முன்பே குறைவான வெண்கலப் பதக்கத்தைத் திரட்டுவோர் இன்று வெள்ளியைவிட அரியதாக மதிக்கின்றனர். அதே போருக்கான வெற்றிப் பதக்கம் அனைவருக்கும் வெண்கலத்திலேயே வந்தது. சிறகு விரித்த வெற்றித் தெய்வம் அதன் முகப்பில் நிற்கும். 1914-15 விண்மீன் பதக்கமும் வெண்கலமே. அதில் பெயர் பின்பக்கத்தில் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது அப்போரின் நினைவுத் தகடு. மார்பில் அணியும் பதக்கம் அன்று. 120 மில்லிமீட்டர் குறுக்களவும் 300 கிராமுக்கு மேற்பட்ட எடையும் உள்ள வட்டமான வெண்கலத் தகடு. போரில் இறந்தவனின் நெருங்கிய உறவினருக்கு அரசு அனுப்பியது. ஏறக்குறைய 13,50,000 தகடுகள் வார்க்கப்பட்டன. எட்வர்டு கார்ட்டர் பிரஸ்டன் என்பவர் வரைந்த உருவம், போட்டிக்கு வந்த 800-க்கும் மேற்பட்டவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரிட்டானியா தெய்வம் கையில் வாகை மாலையோடு நிற்கிறாள், அருகே சிங்கம், கடலாட்சியைக் குறிக்கும் இரண்டு டால்பின் மீன்கள். மாலைக்குக் கீழே ஒரு சிறு கட்டத்தில் இறந்தவனின் பெயர் மேடான எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். பெயர் மட்டுமே, பதவி இல்லை. உயிர்த்தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்காகப் பதவியை விலக்கினார்கள். உயிரோடு இருந்தவனுக்கு வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்த அதே அரசு, இறந்தவனிடத்தில் தரம் பார்க்கவில்லை! இங்கிலாந்து மக்கள் இதனை 'செத்தவன் காசு' என்று கசப்போடு அழைத்தனர்.

அப்போரில் 74,000-க்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டனர். தமிழ்நாட்டின் சிற்றூர்கள் சிலவற்றில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் வெட்டிய சிறு கற்பலகைகள் இன்றும் சுவர்களில் பதிந்துள்ளன. கற்பலகையில் எண் இருக்கிறது, பெயர் இல்லை. பெயரைத் தாங்கிய வெண்கலம் வீட்டிற்குள் இருந்தது.

இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் அறியாத வீட்டில் அது வெறும் வெண்கலத் தட்டு. பேரீச்சம்பழக்காரன் தெருவில் மணியடித்து வந்த காலத்தில் உடைந்த குத்துவிளக்கோடும் நசுங்கிய செம்போடும் எத்தனையோ பதக்கங்கள் அவன் தராசில் ஏறிவிட்டன. இன்று பேரீச்சம்பழம் இல்லை, பணம் உண்டு. பழைய உலோகக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பொருள் உலைக்குப் போகிறது. உருக்கு உலைகள் நிறைந்த நம் பகுதியில் பழைய உலோக வணிகம் தழைத்திருப்பது இயல்பு. அதனைக் குறை கூறுவதற்கில்லை. உலைக்காரனுக்கு அது கிலோ கணக்கு. கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசுவதற்கு முன்னால் யாரேனும் ஒருவர் விளிம்பைப் படித்திருக்க வேண்டும். அந்த ஒருவராக இருக்கப் பள்ளி மாணவனுக்குப் போதுமான கல்வி உண்டு.

கையில் ஒரு பதக்கம் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். புளி போட்டு விளக்கக் கூடாது. நம் வீடுகளில் செம்பையும் பித்தளையையும் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவென்று தேய்ப்பது வழக்கம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் மேற்பரப்பில் படிந்த பழுப்பு நிறத்தைக் கரைத்துவிடும்; சாம்பலின் நறநறப்பு எழுத்தைத் தேய்த்துவிடும். அந்தப் பழுப்பு, அழுக்கு அன்று. செம்பு காற்றோடு மெல்ல மெல்லச் சேர்ந்து தனக்குத் தானே போர்த்திக்கொண்ட போர்வை. உள்ளே இருக்கும் உலோகத்தை அதுவே காக்கிறது. நூறு ஆண்டு வளர்ந்த போர்வையை ஐந்து நிமிடத்தில் உரித்துவிட்டால் மீண்டும் பெற முடியாது. பழம்பொருள் அறிந்தவர் கண்ணுக்குப் பளபளக்கும் பழம்பதக்கம் தோலுரித்த மரம்போலத் தோன்றும்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல என்பதையும் அறிய வேண்டும். கெட்டியாக, மெழுகு தடவியதுபோல் படிந்திருக்கும் கரும்பச்சைக் களிம்பினால் தீங்கு இல்லை. வெளிர்பச்சை நிறத்தில், விரலால் தொட்டால் மாவாக உதிரும் புள்ளிகள் தோன்றினால்தான் கவலை. உப்பிலுள்ள குளோரின் செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரத்தைப் பற்றிக்கொண்டு உலோகத்தைத் தின்னும் நோய் அது. வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். பழவேற்காடு, எண்ணூர், பொன்னேரி முதலிய கடல் அருகே உள்ள ஊர்களில் உப்புக் காற்று வீசுவதால் இந்நோய் எளிதில் பற்றும். இத்தகைய பதக்கத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைத்து, அருங்காட்சியகத்தில் பாதுகாப்புப் பணி அறிந்தவரிடம் காட்ட வேண்டும். நல்ல நிலையில் உள்ளதைக் காரமும் அமிலமும் இல்லாத தாளில் சுற்றி வைத்தால் போதும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெண்கலத்தைக் கறுக்கச் செய்யும். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு.

உலோகம் இன்னதென்று அறிவதற்குப் பள்ளி ஆய்வுக்கூடமே போதும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. அடுத்து ஆர்க்கிமிடீசு முறை. பதக்கத்தைக் காற்றில் நிறுத்து, பிறகு மெல்லிய நூலில் கட்டிக் காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்தி நிறுக்க வேண்டும். காற்றில் 35 கிராமும் நீரில் 31 கிராமும் இருந்தால், நீரில் குறைந்தது 4 கிராம். முப்பத்தைந்தை நான்கால் வகுத்தால் 8.75. வெண்கலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ அவ்வளவே. எட்டரையை ஒட்டி வந்தால் பித்தளையாகலாம், வெள்ளீயமாயின் ஏழேகால், ஈயமாயின் பதினொன்றுக்கு மேல். நாடா தைத்த பதக்கத்தையும், நோய் பற்றிய பதக்கத்தையும் நீரில் இடாதீர்கள். இட்டதை உடனே துடைத்து நன்கு உலர்த்துங்கள்.

ஆனால் உலோகத்தைவிட முக்கியமானது பதிவு. ஒரு குறிப்பேட்டில் குறுக்களவு, எடை, இரு பக்கத்து உருவம், விளிம்பெழுத்து ஆகியவற்றை உள்ளபடியே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு எழுதுங்கள், திருத்தாதீர்கள். மெல்லிய தாளைப் பதக்கத்தின்மேல் வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால் உருவம் படியும். அதன்பின் யாரிடமிருந்து, எந்த ஊரில், எப்படி வந்தது என்பதைக் கேட்டு எழுதுங்கள். வீட்டுப் பாட்டி, எங்கள் தாத்தாவின் சித்தப்பா பஸ்ரா போனார் என்று சொன்னால் அதையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். வரலாற்று நூலோடு அது பொருந்துகிறதா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் கருத்தில், குடும்பம் விரும்பி வைத்திருக்கும் பதக்கத்தை விலை கேட்பது திரட்டுவோனுக்கு அழகன்று. பதக்கம் அவர்களிடமே இருக்கட்டும். தேய்ப்புப் படியும் குறிப்பும் உங்களிடம் இருந்தால் போதும். அவ்வகையில் ஒரு பதக்கமும் சொந்தமில்லாமலே சிறந்த திரட்டு ஒன்றை அமைக்க முடியும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய வரலாற்றுப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. வணிகம் செய்ய உரிமம் வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலாயின் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். படையில் பணிபுரிபவர் தமக்கு அளிக்கப்பட்ட பதக்கத்தை விற்பதும் அடகு வைப்பதும் 1950-ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டப்படி குற்றம். வாங்குவோரும் இதை நினைவிற் கொள்க.

வெண்கலத்துக்கு எப்பொழுதும் கடைசி இடந்தானா என்று கேட்கலாம். இல்லை. பிரிட்டனின் தலைசிறந்த வீரப் பதக்கமாகிய விக்டோரியாச் சிலுவை 1856-இல் ஏற்பட்ட நாள் முதல் வெண்கலமே. கைப்பற்றிய பீரங்கியை உருக்கி அதைச் செய்ததாகச் சொல்வர். 1880-இல் காபூலிலிருந்து கந்தகாருக்கு நடந்த படைக்கு அளித்த விண்மீனும் பகைவரின் பீரங்கி வெண்கலத்தால் ஆனதே. நம் குடியரசும் அவ்வுலோகத்துக்குத்தான் முதலிடம் கொடுத்தது. 1950 சனவரி 26-இல் நிறுவப்பட்ட பரம வீர சக்கரம் வெண்கலத்தால் ஆனது. நடுவில் அரசுச் சின்னமும் அதனைச் சுற்றி இந்திரனின் வச்சிராயுதம் நான்கும் அமைந்த அதன் உருவத்தை வரைந்தவர் சாவித்திரி கானோல்கர். ஐரோப்பாவில் பிறந்து இந்திய வீரர் ஒருவரை மணந்து இந்நாட்டவராகவே ஆகிவிட்டவர். சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்ற மேஜர் இராமசாமி பரமேசுவரன் 1987 நவம்பரில் இலங்கையில் வீரமரணம் எய்தியபின் இப்பதக்கத்தைப் பெற்றார்.

பாரத ரத்தினமும் அரச இலை வடிவில் நிறம் ஊட்டிய வெண்கலத்தால் செய்யப்படுவது. 1954-இல் அதனை முதன்முதலாகப் பெற்ற மூவர் இராஜாஜி, சர்.சி.வி. இராமன், டாக்டர் இராதாகிருஷ்ணன். இராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி, 1997-இல் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. தொடக்கத்தில் வட்டமான பொற்பதக்கமாக அமைய வேண்டும் என்று விதித்திருந்தார்கள். மறு ஆண்டிலேயே அமைப்பை மாற்றி வெண்கல இலையாக்கினார்கள். பத்ம விருதுகளும் வெண்கலமே.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்கும் நம் அரசு வெள்ளியிலும் வெண்கலத்திலும் பதக்கம் வழங்கி வந்திருக்கிறது. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தவர்களுள் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். ஆகவே வெண்கலப் பதக்கம் ஒன்றை முதன்முதலாகக் காண விரும்பும் மாணவன், ஓய்வு பெற்ற தன் ஆசிரியரைக் கேட்டுப் பார்க்கலாம். பழங்காலத்துப் பதக்கங்களைக் காண விரும்புவோர்க்குச் சென்னையில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று 1851-இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகம். மற்றொன்று புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1948-இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகம். அதில் நாணயங்களும் பதக்கங்களும் தனிப் பகுதியாக வைக்கப்பட்டிருக்கின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ காலை மின்வண்டியில் புறப்பட்டால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றும் பென்சிலும் குறிப்பேடும் உடன் கொண்டு செல்லுங்கள்.